கியர் பெட்டியில் ஊற்றிய ஆலம்

நொச்சிவிலக்குக்காரர்களின் களைப்பெல்லாம் ஒரு காரின் கியர் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த அந்த வருசம் மழை புரட்டாசியிலேயே முடிந்துவிட்டது, வெங்காயம் விலை போகவில்லை, பஸ் நிற்கிற இடத்துக் கூரையைப் பிரித்துப் போட்டவர்கள் புதுசு போட மறந்துவிட்டார்கள், இதோடு இதாக அதுவும் நடந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் கண்ணை அகட்டுவார்கள். எங்களுக்கு அந்தக் கூரைதான் பெரிய விசயம். வெயிலில் நின்றது நாங்கள்தானே.

விலக்கு என்றால் மூணு ரோடு பிரிகிற இடம். கிழக்கே போனால் திண்டுக்கல், தெற்கே போனால் எங்கள் ஊர்களும் காடுகளும், மேற்கே கணவாய் மேட்டில் ஏறி இறங்கினால் நூல் மில். மூணு ரோடும் முட்டுகிற மூலையில் என் பஞ்சர் கடை, ஒட்டினாற்போல அருளானந்துவின் ஒர்க்‌ஷாப், ரெண்டுக்கும் பொதுவாக ஒரு வாகை மரம். டியூப்பைத் தண்ணீரில் அமுக்காமலே காற்று எங்கே சீறுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன் என்பதால், அருளானந்து ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொள்வான். அவன் கை பார்க்கும், என் காது கேட்கும். அப்படித்தான் நாச்சம்மாள் காருக்கும் கேட்டேன்.

நாச்சம்மாளுக்கு அந்த மில்லில்தான் கால் போனது. மிசின் பெல்ட்டில் இடது கால் மாட்டி, அறுத்து எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் முழங்காலுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, கூடவே தூக்கிக்கொண்டு போகிற பையைப் போல அது பாட்டுக்கு வரும். அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்த, கிளட்சே இல்லாத, தானாகக் கியர் மாறுகிற ஒரு பெரிய காரை வாங்கி, எந்த மில் அவள் காலைத் தின்றதோ அந்த மில்லுக்கே பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போய் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பொம்பளைகளில் ஒருத்தி அவள் மகள் சுகந்தி. புருசன் போன பிறகு மகளைப் படிக்க வைக்க முடியாமல் அதே கேட்டுக்குள் அனுப்பியதுதான் நாச்சம்மாளுக்குத் தொண்டையில் நின்ற முள். ஷிப்டுக்கு ரெண்டு நடை அடிக்க முடிந்தால் பொங்கலுக்குள் அவளை அந்தக் கேட்டை விட்டு வெளியே கொண்டுவந்துவிடுவேன் என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஆனால் கார் ஒரு நடைக்கே அழுதது. கணவாய் ஏற்றத்தில் ரெண்டாவது கியரா மூணாவது கியரா என்று தீர்மானமில்லாமல், மூணுக்குப் போய் மூச்சுமுட்டி, ரெண்டுக்கு வந்து அலறி, திரும்பவும் மூணுக்குப் போய்த் திணறி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெட்டு வெட்டி உள்ளே இருக்கிற பொம்பளைகளின் தலைகளை ஒன்றோடொன்று முட்ட வைத்து, அவர்கள் கேட்டுக்குப் போய்ச் சேரும்போது சங்கு ஊதி முடிந்திருக்கும்.

"இஞ்சின் நல்லாத்தாண்ணே இருக்கு. நடுவுல இருக்குற இதுக்குத்தான் புத்தி தடுமாறுது" என்றாள் நாச்சம்மாள்.

"எட்டுப் பேரு போற வண்டியில பதினோரு பேரை ஏத்துனா தடுமாறாம என்னத்தா செய்யும்? ஒனக்கே தடுமாறும்" என்றான் அருளானந்து.

"அதுல நாலு பேரை ஆள்லயே சேக்க முடியாதுண்ணே. மில்லு சாப்பாடு அப்பிடி."

நாலு நாள் வேலை. கியர் பெட்டியை இறக்கி, பிரித்து, சாக்கு விரித்து வரிசையாக அடுக்கி வைத்தான். காகிதமாகத் தேய்ந்திருந்த பிளேட்டுகளை எடுத்துவிட்டுக் கனமான பிளேட்டுகளைப் போட்டான். எண்ணெய் ஓடுகிற வால்வுகளில் தளர்ந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி முறுக்கானதைப் போட்டான். எண்ணெய் சூடேறினால் இழுவை குறையும் என்று, நொறுங்கிப்போன ஒரு பெரிய வண்டியிலிருந்து எண்ணெய் ஆறுகிற சிறிய ரேடியேட்டர் ஒன்றைக் கழற்றி வந்து முன்னால் கட்டினான். கியர் எப்போது மாறவேண்டும் என்கிற கணக்கை, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் ஓட்டி ஓட்டி, "இப்பவா மாமா?" "இன்னும் கொஞ்சம் பொறு." "இப்ப?" "இப்ப மாறட்டும்" என்று காதாலேயே பிடித்து வைத்தோம். கடைசி நாள் பழைய எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினால் முடிந்தது. அன்றைக்கு ஆயுத பூசை.

இந்தக் கியருக்கு ஊற்றுகிற எண்ணெய் நல்ல சிவப்பு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் வருமே, கல்யாணப் பொண்ணுக்கும் பிள்ளை பெற்று வந்தவளுக்கும் தூரதேசம் போய்த் திரும்பினவனுக்கும் தட்டில் வைத்துச் சுற்றுகிற ஆலம், அச்சாக அதே சிவப்பு. ஆலத்தை மூணு சுற்றுச் சுற்றி முச்சந்தியில் ஊற்றிவிட்டால் கண்ணேறும் போகும், வழி நடந்த அலுப்பும் போகும். ஊற்றின இடத்தை யாரும் மிதிக்கக் கூடாது, மிதித்தவர்மேல் அது ஏறிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் நடை பழகுகிற பிள்ளைகூட அதைத் தாண்டித்தான் போகும். நாச்சம்மாள் காருக்குச் சுற்றுவதற்கு ஆலம் கரைத்து வந்தாள். காலை இழுத்து நடப்பதால் தட்டில் கொண்டுவந்தால் பாதி சிந்திவிடும் என்று, போன மாசம் அருளானந்துவே கொடுத்த காலி எண்ணெய்க் கேனில் மூடி போட்டுக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்துவிட்டு, தேங்காய் எடுக்கப் போனாள்.

மேசையில் ஒரே மாதிரி ரெண்டு கேன். அருளானந்துவின் கண்ணாடியோ சந்தனம் அப்பிப் போய் மாதா படத்துக்குக் கீழே கிடந்தது. கடைசி ரெண்டு லிட்டரை அவன் பெட்டியில் ஊற்றி மூடிவிட்டான். அவள் வந்து மீதிக் கேனைத் தட்டில் ஊற்றி, வெற்றிலைமேல் சூடம் ஏற்றி, காரை மூணு சுற்றுச் சுற்றி முச்சந்தியில் ஊற்றினாள். பால்காரன் வண்டி அதில் சறுக்கி, அவன் எழுந்து முழங்கையைப் பார்த்துக்கொண்டே, "என்னக்கா, ஆலத்துல என்னத்தைக் கலக்குன, இந்த வழுக்கு வழுக்குது" என்றான். நாங்கள் சிரித்தோம். கார் போய்விட்டது. அருளானந்து கை கழுவப் போனவன் விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோய், அப்படியே தொட்டி மேட்டில் உட்கார்ந்தான்.

"மாமா, மஞ்ச வாசம் வருது."

"ஆயுத பூசையில மஞ்ச வாசம் வராம?"

"பெட்டிக்குள்ள இருந்து வருது மாமா. தண்ணி போச்சுன்னா பிளேட்டெல்லாம் ஊறிப் பிரிஞ்சுரும். பத்து கிலோமீட்டர் தாங்காது. அவ கணவாய்லதான் நிக்கிறா."

என் வண்டியில் ரெண்டு பேரும் விரட்டிக்கொண்டு போனோம். கணவாயில் கார் நிற்கவில்லை. மில் கேட்டில் காலை ஷிப்டை ஏற்றிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தது, அதுவும் அந்தப் பக்கத்து ஏற்றத்தை இறக்கத்தில் வருகிற மாதிரி ஏறி. நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ரெண்டிலிருந்து மூணுக்கு மாறினது கத்தி வெண்ணெயில் இறங்கின மாதிரி இருந்தது. அருளானந்து அதற்குமேல் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க விரும்பவில்லை. ஓடுகிற வண்டியை எந்த மெக்கானிக்கும் நிறுத்தமாட்டான்.

விலக்கில் இறங்கினவர்களில் முதல் ஆள் பிச்சையம்மா. வாய் நிறையப் பேச்சும் முட்டி நிறைய வலியுமாக இருக்கிறவள், எட்டு மணி நேரம் நின்றே அறுந்த நூலை முடிந்துவிட்டு வந்தால் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறவள், அன்றைக்குக் குதித்து இறங்கி, இறங்கின வேகத்தில் ரெண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்று, தன் காலைத் தானே பார்த்தாள்.

"ஏ நாச்சா, என் காலை எங்கடி வச்ச? இது எவளோட காலோ."

பத்து பேரும் அப்படியே இறங்கினார்கள், குளித்துத் தலை துவட்டிவிட்டு வந்த மாதிரி. சுகந்தி வீட்டுக்கு ஓடிப் போனாள். நடந்து போகவில்லை, ஓடிப் போனாள். நாச்சம்மாள் மட்டும் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி, எப்போதும்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு ஒன்றும் குறையவில்லை. ஆலம் சுற்றுகிறவளுக்கு ஆலம் சேராது, அது எங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. காரில் ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல அது வழக்கமாயிற்று. நடு சீட்டு காலுக்கு நல்லது, பின் சீட்டு கண்ணுக்கு நல்லது, ஜன்னலோரம் தோள்பட்டைக்கு நல்லது என்று கண்டுபிடித்தார்கள். உள்ளே போய் 'அலுப்பா இருக்கு' என்று வாயால் சொன்னால் அந்த நடைக்குப் பலிக்காது என்றார்கள். கணவாய் வரைக்கும் போய்த் திரும்புவதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். நாற்று நட்டவர்கள் வந்தார்கள், பரீட்சைப் பேப்பர் திருத்தின வாத்தியார் வந்தார், இரட்டைப் பிள்ளை பெற்றவள் ரெண்டையும் ரெண்டு தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், தேர் இழுத்த கையோடு நாற்பது பேர் வந்து வரிசையில் நின்றார்கள். மாமியாரோடு முப்பது வருசம் குடித்தனம் பண்ணின ஒருத்தி ஒரே நாளில் ஒன்பது நடை போனாள். அதற்கு அப்புறமும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகச் சொன்னாள்.

கியர் பெட்டியில் அளவுக்கம்பியை விட்டுப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே வந்தது. சிவப்பு போய்ச் செம்மண் நிறமானது, செம்மண் போய்க் காப்பிக் கசடு ஆனது. நிறம் கறுக்கக் கறுக்கக் கார் இழுத்தது. பதினாலு பேரை ஏற்றினாலும் கணவாயில் மூணாவது கியரை விட்டு இறங்கவில்லை. மிஞ்சின எண்ணெயை அருளானந்து வாராவாரம் நட்டைத் தளர்த்தி இறக்குவான். முதல் வாரம் இறக்கினதை வாகை மரத்தடியில் ஊற்றினான். மரம் ஐப்பசியிலேயே இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கிளையைத் தொங்கப் போட்டது, அவன் கோழிகள் கிளறுவதை விட்டுவிட்டு உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டன, அதில் படுத்துப் புரண்ட ஒரு நாய் ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அவன் நீல டிரம் வாங்கி அதில் ஊற்றி மூடினான். டிரம் ஒவ்வொரு நாளும் ஒரு விரக்கடை தரைக்குள் இறங்கியது.

மில்லுக்கு விசயம் போகாமல் இருக்குமா? சூப்பர்வைசர் லோகநாதன் கையில் இனிப்புப் பெட்டியும் துண்டுமாக வந்தான். நாச்சம்மாளுக்குத் துண்டைப் போர்த்தி, "அக்கா, நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது இருக்கட்டும். ஷிப்டு முடியிறப்ப கேட்டுலயே நில்லுங்க. ஏத்திக்கிட்டு, நம்ம தண்ணி டேங்கைச் சுத்தி ஒரு ரவுண்டு. திரும்ப கேட்டுலயே விட்டுருங்க" என்றான்.

"திரும்ப விட்டா?"

"அடுத்த ஷிப்டுக்குப் போவாங்க. அவங்களுக்குத்தான் அலுப்பே இல்லையே. யாரையும் கட்டாயப்படுத்தல, விரும்புறவங்க போகட்டும்."

எல்லோரும் விரும்பினார்கள். ஒருத்திக்கு வீட்டுக்கு மேல்கூரை போடணும், ஒருத்திக்குத் தங்கச்சியைக் கட்டிக் கொடுக்கணும், ஒருத்திக்கு ஒன்றும் இல்லை, சும்மா இருக்கத் தெரியவில்லை. நாச்சம்மாளும் சரி என்றுதான் சொன்னாள். பொங்கலுக்குள் வெளியே கொண்டுவரலாம் என்று நினைத்தது தீபாவளிக்குள்ளேயே ஆகிவிடும் என்று கணக்குப் போட்டாள். அதில் தப்புச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன்.

அதற்கப்புறம் எங்கள் ஊர்களில் பாய் விரிக்கவில்லை. சுருட்டின பாய்கள் மூலையில் நின்று கரையான் ஏறின. அலுப்பில்லாதவளுக்கு எதற்கு உறக்கம்? மாவாட்ட உட்கார்ந்தவள் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வீட்டு அரிசி முழுக்க ஆட்டினாள். முற்றம் கூட்டப் போனவள் அடுத்த தெருவைத் தாண்டி, அடுத்த ஊர் எல்லை வரைக்கும் கூட்டிக்கொண்டே போய் அங்கேயே நின்று யோசித்தாள். பிள்ளைகள் மடியில் ஏறலாம் என்று பார்த்தால் உட்கார்ந்த மடி எங்கேயும் இல்லை. பிச்சையம்மாவின் அப்பா கார்த்திகையில் செத்துப்போனார். அவள் அழ ஆரம்பித்தாள். அழுது களைத்தால்தானே அழுகை நிற்கும். அவளுக்கு நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும், ஷிப்டுக்குப் போயும், நூல் முடிந்துகொண்டே, பொடி வைத்துப் பேசிக்கொண்டே, கண் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா" என்பாள் என்னிடம், முந்தானையைப் பிழிந்துகொண்டு. "குழாய் வாஷர் போயிருச்சு, அம்புட்டுத்தான். ஒம்ம கடையில இருந்தா ஒண்ணு போட்டுவிடும்."

சுகந்தி மூணு ஷிப்டு பார்த்தாள். தீபாவளி போனது, அவள் நின்றுவிடவில்லை. இன்னும் ஒரு மாசம் என்றாள், இன்னும் ஒரு மாசம் என்றாள். மணிக்கட்டில் கிடந்த கண்ணாடி வளையல் முழங்கைக்கு ஏறியது, மார்கழியில் முழங்கையைத் தாண்டித் தோளுக்குப் போனது. கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, ஆனால் கண் மட்டும் பளிச்சென்று, நடை துள்ளலாக. ஒரு நாள் என் கடை முன்னால் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, பேச்சு பாதியில் நிற்க, மரத்தை வெட்டிச் சாய்த்த மாதிரி விழுந்தாள். நாங்கள் ஓடுவதற்குள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். நாச்சம்மாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா நாடியைப் பிடித்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே மிச்சமில்லம்மா. இந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்கவே கூடாது. ஒனக்கு அசதியா இல்லையா?" என்றார்.

"இல்லையே டாக்டர்" என்று சிரித்தாளாம் சுகந்தி.

"இப்பிடியே விட்டா ஒரு நாள் விழுறவ எந்திரிக்க மாட்டா" என்று டாக்டரம்மா நாச்சம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு மத்தியானம் நாச்சம்மாள் காரை ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை மேசையில் வைத்தாள்.

"எண்ணெயை இறக்குண்ணே."

"இறக்கிரலாம். புது எண்ணெய் ஊத்திரலாம். இனிமே ஏறுறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அருளானந்து தலையைச் சொறிந்தான். "ஆனா போனது போனதுதான? இத்தன மாசம் அவ ஒடம்புலருந்து கழண்டது இதுக்குள்ள கெடக்கு. அது திரும்ப ஏறுனாத்தான் படுப்பா. இதுல எவளோடது எதுன்னு எப்பிடிப் பிரிக்கிறது?"

"ஆலந்தானண்ணே அது" என்றாள் நாச்சம்மாள். "மிதிச்சா ஏறும்."

யாரும் எங்கள் பக்கத்தில் அப்படி யோசித்ததே இல்லை. மிதிக்காதே, மிதிக்காதே என்றே வளர்ந்தவர்கள். அருளானந்து காருக்கு அடியில் போய்ப் படுத்து நட்டைத் திருகினான்.

தார் மாதிரி வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. தரைக்குள் பாதி புதைந்திருந்த டிரம்மைக் கடப்பாரை போட்டுக் கிளப்பி, நாலு பேர் உருட்டி, பத்தடி தூரத்துக்கு மூணு தடவை உட்கார்ந்து எழுந்து, முச்சந்தி நடுவில் கொண்டுபோய்ச் சாய்த்தோம். மூணு ரோடும் சேருகிற இடத்தில் ஒரு சின்னக் குளம்போல அது பரவி நின்றது. திண்டுக்கல் பஸ் ஓரமாக நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு, இன்றைக்குக் கார் வரவில்லையே என்று மில்லிலிருந்து பொம்பளைகளெல்லாம் கணவாய் வழியாக நடந்தே வந்துவிட்டார்கள், முன்னால் சுகந்தி, பின்னால் மொபெட்டில் லோகநாதன்.

"மிதிடி" என்றாள் நாச்சம்மாள்.

சுகந்தி குளத்துக்கு அந்தக் கரையில் நின்றாள். "எதுக்கு?"

"ஒன் அசதி இதுக்குள்ள இருக்கு. எடுத்துக்க."

"எனக்கு வேணாம்மா. கழிச்சுப் போட்டதை எவளாவது எடுப்பாளா?" அவள் குரல் ஏறியது. "எல்லாரும் நல்லா இருக்கோம். ஒனக்கு மட்டும் ஒண்ணும் குறையல. நீ மட்டும் நொண்டிக்கிட்டு, அசந்து போயி, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்க. அதான் ஒனக்குப் பொறுக்கல."

நாச்சம்மாள் மகளைப் பார்த்தாள், மகள் தோளில் ஏறிக் கிடந்த வளையலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல காலை முதலில் வைத்து, மற்றக் காலை இழுத்துக்கொண்டு, அந்தக் கறுப்புக்குள் நடந்தாள். நடுவுக்குப் போனாள். விழுந்தாள்.

விழுந்தாளா, தானாக உட்கார்ந்தாளா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். எனக்குக் கேட்டது ஒரு 'அம்மா' மட்டும். அது சுகந்தி கத்தினது.

அவள் யோசிக்கவில்லை. வெறுங்காலோடு உள்ளே ஓடி வந்து, அம்மாவின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கப் போனவள், பாதி தூக்கினாள், கால் ரெண்டும் முழங்கால் வரைக்கும் கறுத்தது, கை தளர்ந்தது. "யம்மா, அசதியா இருக்கும்மா" என்றாள், ஏதோ மறந்துபோன ஊர்ப்பேரைத் திடீரென்று நினைவுக்குக் கொண்டுவந்த மாதிரி. அப்படியே மடங்கி உட்கார்ந்து, அம்மாவின் இடது காலில் தலையைச் சாய்த்தாள். அவள் குறட்டை விட்டது பஸ் வரைக்கும் கேட்டது.

அடுத்து பிச்சையம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். "என்னோடதை எவளும் மிதிச்சுராதீங்கடி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். நாலு எட்டு வைத்து உட்கார்ந்தாள், ஒரு தரம் வாய்விட்டு அழுதாள், களைத்தாள், கண் நின்றது, சாய்ந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக. கோயில் வாசலில் டோக்கன் போட்டு விட்டுப்போன செருப்பு மாதிரி அவரவருடையது அவரவரைக் கண்டுபிடித்து ஏறியது, ஒருத்தியுடையது ஒருத்திக்கு மாறவில்லை. நாற்று நட்டவர்கள் வந்தார்கள், வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், இரட்டைப் பிள்ளைக்காரி பிள்ளைகளை என்னிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மாமியாரோடு முப்பது வருசம் இருந்தவள் மட்டும் கரையிலேயே ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னோடது கெடக்கட்டும், வெயில்ல காயட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். லோகநாதன் பூட்ஸ் காலோடு உள்ளே வந்து ஒவ்வொருத்தியாகத் தட்டி எழுப்பிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. அதில் அவனுடையது ஒன்றும் இல்லை.

மூணு நாள் உறங்கினார்கள். ஊர் கூடி முச்சந்திக்கு மேலே பந்தல் போட்டது. பஸ்கள் காட்டு வழியாகச் சுற்றிப் போயின, கூரையில்லாத பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பந்தல் அளவில் ஒரு கூரை கிடைத்தது என்று சொல்லிக்கொண்டோம். வீட்டு ஆம்பளைகள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரத்துணியால் உதட்டை நனைத்தார்கள். பிள்ளைகள் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டன. மில் மூணு நாள் ஓடவில்லை, கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து வருகிற இரைச்சல் இல்லாமல் என் காதுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாச்சம்மாள் மட்டும் விழித்திருந்தாள். அவளுக்கு அந்தக் குளத்தில் எதுவும் இல்லை, அவளுடையது முழுக்க அவளிடமே இருந்தது. அருளானந்து அவளுக்குப் பின்னால் ஒரு டயரைக் கொண்டுவந்து சாய்மானம் வைத்துக் கொடுத்தான்.

"தலையை எறக்கி வையித்தா, கால் மரத்துப் போகும்" என்றான்.

"இந்தக் கால்தானண்ணே" என்றாள். "இது மரத்து வருசமாச்சு. இருக்கட்டும்."

நாலாம் நாள் எழுந்தவர்கள் ரொம்பச் சோர்ந்திருந்தார்கள், ரொம்பப் பசித்திருந்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் எரிந்து விழுந்தார்கள். நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள். சுகந்தியை நாச்சம்மாள் தை முடிகிற வரைக்கும் பாயை விட்டு எழுந்திருக்க விடவில்லை. மில் கேட்டுக்கு அவள் திரும்பப் போகவில்லை. படிக்கப் போகிறேன் என்று திண்டுக்கல்லில் சேர்ந்தாள். காலையில் பஸ்ஸில் போனாள், சாயங்காலம் அம்மா கார் போகிற நேரத்துக்கு விலக்கில் வந்து நிற்பாள்.

அவள் படிக்கப் போகிற வரைக்கும் சும்மா நின்ற காரின் பெட்டியை அருளானந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது எண்ணெய்க் கேனைத் திறந்து, மூணு தரம் மோந்து பார்த்து, என்னையும் மோந்து பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் ஊற்றினான். ஒரு தட்டில் ஆலம் கரைத்து, நாச்சம்மாளை வாகை மரத்தடியில் நிற்க வைத்து, "திரும்பி நில்லு, சிரிக்காத" என்று அவளுக்கு மூணு சுற்றுச் சுற்றினான். அவளுக்கு ஆலம் சுற்றி இருபது வருசம் இருக்கும். ஆலம் போன பிறகும் கார் முறுக்காகவே இழுத்தது, கனத்த பிளேட்டும் இறுகின ஸ்பிரிங்கும் அப்படியேதான் இருந்தன. மறுநாள் காலை நடை முடிந்ததும் அவள் திரும்பி வந்தாள்.

"என்ன, இழுக்கலையா?"

"நல்லா இழுக்குதுண்ணே. ஆனா கியர் மாறுறப்ப வெட்டுது. அந்த ஸ்பிரிங்கைத் தளத்திரு."

"தளத்துனா ஏத்தத்துல மெதுவாத்தான் போகும். அதுக்காகத்தான அன்னைக்கு நாலு நாளு உசுரை வாங்குன?"

"மெதுவாப் போகட்டும். பத்து நிமிசம் முன்னக் கெளம்பிக்கிறேன். மாறுறது தெரியக் கூடாதுண்ணே. திரும்பி வரையில எல்லாரும் தூங்கிருறாளுக. வெட்டுனா தலை கண்ணாடியில இடிக்குது."

திரும்பவும் பெட்டியைத் திறந்தான். திரும்பவும் ஏற்றத்தில் ஓட்டி ஓட்டிக் கணக்குப் பிடித்தோம். ஆனால் இந்தத் தடவை நான் 'இப்ப' என்று சொல்ல வேண்டியதில்லை, எனக்கு எப்போது கேட்காமல் போகிறதோ அப்போது நிறுத்த வேண்டும். ரெண்டு நாள் ஆனது. மூணாம் நாள் சாயங்காலம் வெயில் தாழ கணவாயிலிருந்து இறங்கி வந்து, விலக்கில் நின்று சுகந்தியை ஏற்றிக்கொண்டு, தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியது கார். உள்ளே ஒன்பது பேர், வாய் திறந்தும் திறக்காமலும், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, பஞ்சுத் தூசு படிந்த தலைகள். முன் சீட்டில் சுகந்தி உட்கார்ந்த மாத்திரத்தில் அம்மா பக்கமாகச் சரிந்துவிட்டாள். நாச்சம்மாள் ஒரு தோளைத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டினாள். எப்போதும் என் கடையைத் தாண்டும்போது ஆரன் அடிப்பாள், அன்றைக்கு அடிக்கவில்லை. நான் டியூப்பைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். முதல் கியரில் கிளம்பியது கேட்டது. புளியமரத்துக்கிட்டே ரெண்டுக்கு மாறியிருக்க வேண்டும், அம்மன் கோயில் வளைவைத் தாண்டி மூணுக்கு மாறியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.